கண்டல் வெட்டிய கரை, கண்டல் நடும் கரை

மட்டக்களப்பு வாவி வடக்கே பங்குடாவெளிப் பக்கம் தொடங்கித் தெற்கே கல்முனையின் மேற்கு ஓரம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீள்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் எழுவான்கரை, வாவிக்கு அப்பால் படுவான்கரை. எழுவான்கரையில் தென்னையும் வீதியும் கடைகளும் நெருக்கமான குடிமனைகளும் இருக்கின்றன. படுவான்கரையில் வயலும் குளமும் மாட்டுப்பட்டியும். இரண்டு கரைகளுக்கும் பொதுவாக இருந்தது ஓரத்துக் கண்டல் காடுதான். அந்தக் காட்டை எங்கள் ஊர் எப்படிப் பார்த்தது, எப்படி வெட்டியது, இப்போது யார் நடுகிறார்கள், நட்டதில் என்ன மிஞ்சியது என்பதைச் சேர்த்து எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். நடுகை விழாக்கள் நிறைய நடக்கின்றன. நட்ட இடத்துக்குத் திரும்பிப் போனவர்களின் கதை மட்டும் அரிதாகவே எழுதப்படுகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்து மக்கள் இயற்கையைத் தெய்வமாகப் போற்றிக் காத்தார்கள் என்று எழுதுவது எளிது. அது முழு உண்மையாகாது. கண்டல் அன்று விறகாக எரிந்தது, வேலிக் கம்பாக நின்றது, தோணிக்காரர் கையில் தாங்கு கம்பாக இருந்தது. நைலோன் வருமுன் பருத்தி நூல் வலைகள் உப்பு நீரில் உக்காமலிருக்கக் கண்டல் பட்டையை அவித்த சாயத்தில் தோய்த்து எடுத்தார்கள். வெட்டினார்கள், ஆனால் வெட்டியதை விட வேகமாகக் காடு தழைத்தது. சனத்தொகை குறைவு, கத்தியால் வெட்டிக் கையால் சுமந்தார்கள், தேவையும் வீட்டளவோடு நின்றது.

காட்டைக் காத்ததில் பயத்துக்கும் பங்குண்டு. சேற்றில் முதலை கிடக்கும். தில்லை மரத்தின் பால் கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும் என்று பிள்ளைகளை மிரட்டி வைத்திருந்தார்கள், அந்த மிரட்டலில் உண்மையும் இருந்தது. வீச்சுவலைக்காரருக்கோ அந்தக் காடு ஒரு வரைபடம். எந்த வேருக்கடியில் நண்டு ஒதுங்கும், எந்த மடுவில் இறால் குஞ்சு பெருகும், எந்தக் காற்றுக்குத் திரளியும் மணலையும் ஓரம் ஒதுங்கும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பாடம். பாதுகாப்பு என்ற சொல்லை யாரும் அங்கே பயன்படுத்தியதில்லை. தொழிலும் அறிவும் ஒன்றாகக் கிடந்தபடியால் அதற்கு அவசியமும் இருக்கவில்லை.

ஊர்ப் பொதுவேலை என்ற பழக்கமும் அன்று இருந்தது. மாரியில் வயல் நீரெல்லாம் வாவிக்குள் இறங்கி நிரம்பும்போது முகத்துவாரத்தை அடைத்துக் கிடக்கும் மணல்திட்டை வெட்டிவிட வேண்டும். வெட்டாவிட்டால் படுவான்கரை வயல் மூழ்கும், நேரம் தவறி வெட்டினால் இறாலும் மீனும் கடலோடு போய்விடும். விவசாயிக்கும் மீனவருக்கும் இதில் எப்போதும் இழுபறி உண்டு. இருந்தாலும் பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் ஆற்றுவாய் வெட்டுவது ஊர் கூடிப் பேசி முடிவெடுத்து, மண்வெட்டியோடு போய்ச் செய்த வேலை. சிரமதானம் என்ற சொல்லைச் சர்வோதய இயக்கம் நாடெங்கும் பரப்பியது 1958க்குப் பிறகு. அதற்கு முன்பே இங்கே அந்த வேலைக்கு ஆள் இருந்தது. இப்போது பெக்கோ இயந்திரம் வந்து சில மணி நேரத்தில் வெட்டிவிட்டுப் போகிறது. வேலை சுகமாகிவிட்டது. ஆனால் வாவியின் நீர்மட்டத்தைப் பற்றி இரண்டு கரையாரும் ஒரே இடத்தில் நின்று வாதாடும் சந்தர்ப்பம் குறைந்து போனது. நான் இதை ஒரு பெரிய இழப்பாகவே கருதுகிறேன்.

கண்டலுக்கு முதலில் வந்த பெரிய வெட்டு வியாபார வெட்டு. 1970களின் பிற்பகுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் இலங்கையில் இறால் பண்ணைத் தொழில் கால் பதித்த இடங்களில் மட்டக்களப்பும் ஒன்று. வாவியோரச் சேற்றுநிலம் பண்ணைத் தொட்டிகளாகியது. அப்படியே தொடர்ந்திருந்தால் புத்தளத்துக்கு நேர்ந்தது இங்கும் நேர்ந்திருக்கும். அங்கே கண்டலை அழித்துத் தொட்டிகள் பெருகின, 1996இல் வெண்புள்ளி நோய் பரவியது, பண்ணைகள் பல கைவிடப்பட்டன. வெறுந்தொட்டிகள் மிஞ்சின, காடு மிஞ்சவில்லை. மட்டக்களப்பில் அந்தத் தொழிலை நிறுத்தியது நல்ல அறிவு என்று சொல்லிக்கொள்ள முடியாது. போர் நிறுத்தியது. 1987 ஜனவரியில் மகிழடித்தீவு இறால் பண்ணையில் வேலை செய்தவர்களும் அயல் கிராமத்தவர்களும் கொல்லப்பட்டதைக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஆண்டுதோறும் நினைவுகூருகிறார்கள். வாவிக்கரையின் வரலாற்றை எழுதும் எவரும் அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியாது.

பிறகு வந்தது பாதுகாப்பு வெட்டு. பாதையோரம், பாலத்தடி, காவலரண்களுக்கு முன்னால், நீரோரம் என்று எங்கெல்லாம் ஆள் ஒளிந்திருக்கலாம் என்ற அச்சம் இருந்ததோ அங்கெல்லாம் படையினர் கண்டலை வெட்டி வெளியாக்கினார்கள். 1980களின் நடுப்பகுதியிலிருந்து இது தொடர்ந்தது. காட்டுக்கும் போக முடியாமல், எண்ணெயும் கிடைக்காமல் கிடந்த குடும்பங்கள் மிச்சத்தை விறகாக்கின. வாவியில் தொழிலுக்குப் போக நேரக் கட்டுப்பாடு இருந்தது, போக முடியாத இடங்கள் இருந்தன. எழுவான்கரையும் படுவான்கரையும் இரண்டு ஆட்சிகளாகக் கிடந்த ஆண்டுகள் அவை. மண்முனையில் ஆளையும் மாட்டையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு அசைந்து போன மிதவைப் பாதையில் நின்றபடி, வெட்டிய அடிமரங்கள் கரையெல்லாம் கறுத்து நிற்பதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பாதைக்குப் பதிலாக 2014இல் பாலம் வந்தது. இன்று மோட்டார் சைக்கிளில் கண்மூடித் திறப்பதற்குள் வாவியைக் கடந்து விடுகிறோம். கரையைப் பார்க்க நேரமில்லை.

இதற்கு நடுவிலும் கிழக்குப் பல்கலைக்கழகத்துத் தாவரவியலாளர்கள் கண்டலைப் பற்றிய வேலையைக் கைவிடவில்லை. ஜெயசிங்கம், மதிவேந்தன் போன்றோர் மட்டக்களப்பு, திருகோணமலைக் கண்டல் இனங்களை இடம் இடமாகப் பதிவு செய்து வைத்தார்கள். எந்த இனம் எங்கே நின்றது என்ற அந்தப் பதிவு இல்லாவிட்டால் பின்னால் நட வந்தவர்களுக்குக் கேட்டறிய ஆதாரமே இருந்திராது. வந்தவர்களில் எத்தனை பேர் கேட்டார்கள் என்பது வேறு விடயம்.

2004 டிசம்பர் 26 சுனாமி எல்லாவற்றையும் மாற்றியது. நாவலடி என்ற ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நாக்கில் இருந்தது. அலை ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கம் வாவிக்குள் இறங்கியது. கல்லடி, திருச்செந்தூர், டச்பார் என்று கரை நெடுக வீடுகளும் ஆட்களும் போனார்கள். அடுத்த சில மாதங்களில் கண்டல் என்ற மரம் உலகச் செய்தியானது. தமிழ்நாட்டில் பிச்சாவரத்துக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெரிதாகச் சேதப்படவில்லை என்று செய்தி வந்தது. கடலூர்க் கரையை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2005இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியானது. அந்த முடிவை ஐயுற்று எழுதிய ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் நிதி கொடுப்பவர்களுக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது: கண்டல் இருந்தால் கரை தப்பும், ஆகவே கண்டல் நடுங்கள்.

பணம் வந்தது, பதாகை வந்தது. நாட்டின் எல்லாக் கரைகளிலும் நடுகை தொடங்கியது. நட்டது பெரும்பாலும் ஒரே இனம். காட்டின் பொதுப்பெயரையே தன் பெயராகவும் கொண்ட கண்டல் மரம் அது. அதன் விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும். அதைப் பறித்துச் சேற்றில் குத்திவிட்டால் நடுகை முடிந்தது. பை வேண்டாம், நாற்றுமேடை வேண்டாம், ஒரு காலையில் ஆயிரம் நடலாம், வரிசையாக நிற்கும், படத்தில் அழகாக விழும். கண்ணா, தில்லை, திப்பரத்தை போன்ற ஏனைய இனங்களுக்கு இந்த வசதி இல்லை. அவற்றின் விதை சிறியது, நாற்றாக வளர்த்து நட வேண்டும், கவனமும் காலமும் தேவை. இலங்கையில் இருபதுக்கும் மேற்பட்ட கண்டல் இனங்கள் இருக்க, நட்டவர்கள் குத்த எளிதான கண்டலையே பெரும்பாலும் தெரிந்தெடுத்தார்கள்.

என்ன நடந்தது என்பதை ருகுணுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுனந்த கொடிக்கார முதலானோர் நாடெங்கும் போய்ப் பார்த்து 2017இல் எழுதினார்கள். 23 இடங்கள், 67 நடுகை முயற்சிகள், ஏறத்தாழ 1,000 முதல் 1,200 ஹெக்டேயர். அதில் வெற்றி என்று சொல்லத்தக்கது 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே. ஒன்பது இடங்களில் ஒரு செடிகூட உயிரோடு இல்லை. பாதிக்கு மேல் தப்பிய இடங்கள் மூன்றுதான்: கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு. மூன்றும் மேற்குக் கரை. கிழக்கிலிருந்து ஒரு பெயரும் அந்தப் பட்டியலில் இல்லை.

இந்த எண்களை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. தொண்டர்களின் உழைப்பைச் சிறுமைப்படுத்த இவற்றைச் சொல்லவில்லை. வெயிலில் முழங்கால் சேற்றில் நின்று நட்ட பிள்ளைகளின் வியர்வை உண்மையானது. அந்த வியர்வையைத் தவறான இடத்தில் சிந்த வைத்ததுதான் குற்றம். சுனாமி வந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் ஒருவர் போய் எண்ணிப் பார்த்து எழுத வேண்டியிருந்தது என்பது அதைவிடப் பெரிய குற்றம்.

ஏன் செத்தன? மட்டக்களப்பு வாவியை அறிந்தவருக்கு விடை சிக்கலானதல்ல. இலங்கைக் கரையில் கடல் ஏறி இறங்கும் உயரமே ஒரு மீற்றருக்குக் குறைவு. வாவிக்குள் அது இன்னும் சுருங்கிவிடும். இங்கே நீர்மட்டத்தைத் தீர்மானிப்பது மழையும் முகத்துவாரமும். ஆடி, ஆவணியில் நீர் வற்றிச் சேறு வெளித் தெரியும்போது, நடுவதற்கு நல்ல இடம் என்று தோன்றும். ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை விழும். உன்னிச்சை, நவகிரி முதலான குளங்கள் நிரம்பி வழியும், முந்தனையாறு பெருகும், முகத்துவாரம் இன்னும் மூடிக் கிடக்கும். நட்ட செடி வாரக்கணக்கில் முழுதாக நீருக்குள் நிற்கும். கண்டல் உப்பைத் தாங்கும், சேற்றைத் தாங்கும், வேர் மூழ்குவதையும் தாங்கும். இலையும் தண்டும் நாள்கணக்கில் மூழ்கிக் கிடப்பதை இளஞ்செடி தாங்காது. தப்பியவற்றை மாடு மிதிக்கும். மிதிக்காதவற்றில் பாசி போர்க்கும், சிப்பி ஒட்டும். நடுகைக்குப் பிறகு பராமரிப்பு இருந்த இடங்களில்தான் செடி தப்பியது என்று அந்த ஆய்வே சொல்கிறது. படுவான்கரையில் மாட்டைக் கட்டி வளர்ப்பதில்லை என்பது யாருக்குத் தெரியாது? அந்த ஊர் மாட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எங்கே வேலி அடைக்க வேண்டும் என்று சொல்லியிருப்பார்.

பிச்சாவரத்தின் உண்மையான பாடம் சுனாமியைப் பற்றியதல்ல என்பது என் எண்ணம். அங்கே முன்பு பகுதி பகுதியாக மொட்டையடிக்கும் கூப்பு முறையில் காட்டை வெட்டியதால் மண் தாழ்ந்து, நீர் தேங்கி, வெயிலில் உப்பு இறுகி, எதுவும் முளைக்காத வெளிகள் உண்டாயின. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து அங்கே முதலில் வாய்க்கால் வெட்டியது. நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து மீன்முள் போலப் பக்க வாய்க்கால்கள். நீர் வந்து போகத் தொடங்கியதும் நிலம் உயிர்த்தது, காடு திரும்பியது. நீருக்கு வழி திறப்பதே முதல் வேலை, நடுவது அதற்கு அடுத்தது. அமெரிக்காவின் புளோரிடாவில் ரொபின் லூயிஸ் என்ற சூழலியலாளர் வாழ்நாள் முழுதும் சொல்லி வந்ததும் இதுவே. நீரோட்டத்தைச் சரிசெய்தால் விதை தானாக மிதந்து வந்து தனக்கான இடத்தில் ஊன்றும்.

மட்டக்களப்பில் இதற்குச் சாட்சி தேட வெகுதூரம் போக வேண்டாம். போர் முடிந்து ஆட்கள் வெட்டுவதை விட்ட ஓரங்களில், அயலில் தாய்மரம் மிஞ்சியிருந்த இடங்களில், யாரும் நடாமலே கண்ணாவும் தில்லையும் திரும்பி வந்திருக்கின்றன. அப்படித் திரும்பிய காட்டுக்குப் பதாகை இல்லை, திறப்பு விழா இல்லை. ஆகவே அதைக் காக்க வேண்டும் என்ற எண்ணமும் பலருக்கு வருவதில்லை. வீட்டுக் காணிக்கு மண் போட்டு நிரப்பும்போது முதலில் போவது அந்தக் காடுதான். ஒரு பக்கம் ஆயிரம் கன்று நடும் ஊரில், மறுபக்கம் தானாக வளர்ந்த மரத்தின் மேல் லொறி மண் கொட்டுகிறது. வாவியை ஒட்டிய குடியிருப்பு நெருக்கம் எனக்குப் புரிகிறது. எழுவான்கரையில் ஒரு பேர்ச் காணியின் விலையும் தெரியும். அதனால்தான் மிஞ்சிய ஓரத்தைக் காப்பது நடுவதைவிடக் கடினமான வேலையாகிவிட்டது.

இன்று சட்டம் அன்றையதைவிடப் பலமானது. 2015இல் சீக்கொலஜி என்ற அமெரிக்க அமைப்பும் இலங்கையின் சுதீச நிறுவனமும் அரசும் சேர்ந்து, நாட்டின் எல்லாக் கண்டல் காடுகளையும் காப்பதாக அறிவித்தன. அப்படி அறிவித்த முதல் நாடு இலங்கை. 15,000 பெண்களுக்குச் சிறுகடனும் தொழிற்பயிற்சியும், பதிலுக்கு அவரவர் ஊர்க் கண்டலுக்கு அவர்களே காவல் என்பதுதான் திட்டத்தின் உள்ளம். விறகுக்குப் போகிறவரும் நண்டுக்குப் போகிறவரும் பெண்களாக இருக்கிற கரையில் இது சரியான கணக்கு. 2016இல் சிலாபத்துக்கு அருகே பம்பலயில் கண்டல் அருங்காட்சியகம் திறந்தார்கள். கடற்படையினர் நாற்றுமேடை போட்டு நடுகிறார்கள். சீருடை அணிந்தவர் கண்டலை வெட்டியதைப் பார்த்த தலைமுறை, சீருடை அணிந்தவர் கண்டலை நடுவதையும் பார்க்கிறது. 2024இல் ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் திட்டம் இலங்கையின் கண்டல் மீட்பை உலகின் முன்மாதிரி மீட்புத் திட்டங்கள் ஏழில் ஒன்றாகத் தெரிவு செய்தது. தோற்ற நடுகைகளிலிருந்து பாடம் கற்று, ஆய்வாளர் சொல் கேட்டுச் செய்ததற்குக் கிடைத்த மதிப்பு அது.

ஜூலை 26 உலகக் கண்டல் தினம். பாடசாலைச் சுற்றாடல் கழகங்களும் சுற்றாடல் முன்னோடிப் பிள்ளைகளும் மீனவர் சங்கங்களும் பல்கலைக்கழக மாணவரும் வாவிக்கு வருகிறார்கள். அந்த நாளுக்குப் பின்னால் ஒரு தொண்டரின் மரணம் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வது நல்லது. 1998இல் அதே நாளில் ஈக்குவடோர் நாட்டின் முயிஸ்னே கரையில், கண்டலை அழித்துக் கட்டிய இறால் தொட்டியை உடைத்து மீண்டும் கடல்நீர் விட ஊர் மக்கள் திரண்டார்கள். அவர்களோடு நின்ற கிரீன்பீஸ் செயற்பாட்டாளர் ஹேஹோ டானியல் நனோட்டோ மாரடைப்பால் இறந்தார். பசிபிக் தீவுக்கூட்டமான மைக்ரோனீசியாவிலிருந்து வந்தவர் அவர். 2015இல் யுனெஸ்கோ அந்த நாளை உலக நாளாக்கியது. இறால் தொட்டியும் கண்டலும் மோதிய கதை மகிழடித்தீவைத் தெரிந்தவர்களுக்குப் புதிதல்ல. வாகரையில் இறால் பண்ணைத் திட்டத்துக்கு எதிராக அண்மை ஆண்டுகளில் வீதிக்கு இறங்கிய மக்களுக்கும் புதிதல்ல. அவர்களையும் நான் தொண்டர்கள் என்றே எண்ணுகிறேன். கையில் நாற்று இல்லாவிட்டாலும் அவர்கள் செய்ததும் கண்டல் காக்கும் வேலையே.

அந்தத் தினத்தை ஒட்டியே ஆடி அமாவாசையும் வரும். அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்துக்கு மாவட்டமே திரளும். வாவி அங்கிருந்து கூப்பிடு தூரம். கூட்டம் கலைந்த மறுநாள் காலையில் போத்தலும் பொலித்தீனும் பொறுக்கப் போகும் இளைஞர்களுக்கு மாலை போட யாரும் வருவதில்லை. அவர்கள் செய்வது வெறும் துப்புரவு வேலை என்று நினைப்பவர்கள் கண்ணா மரத்தடியில் குனிந்து பார்க்க வேண்டும். கண்ணாவின் வேர் சேற்றிலிருந்து மேல்நோக்கிக் கம்பி கம்பியாக எழுந்து நிற்கும். மரம் அந்த மூச்சுவேரால்தான் காற்று எடுக்கிறது. அதன் மேல் பொலித்தீன் போர்த்திச் சேறு படிந்தால் மரத்துக்கு மூச்சுத் திணறும். ஒரு பையை உருவி எடுப்பது ஒரு கன்று நடுவதற்குச் சமம் என்று நான் சொல்வேன். சில இடத்தில் அதைவிட மேல். நிற்கிற மரம் விதை தரும், நட்ட கன்று அதற்குப் பல ஆண்டு காத்திருக்க வேண்டும்.

இதே போல இன்னொரு வேலை ஆற்றுவாழை அகற்றுவது. கிட்டங்கித் தாம்போதிப் பக்கம் அது பாய் விரித்தது போல நீரை மூடிவிட்டால் தோணி போகாது, வலை விழாது, வெள்ளநீர் வடியாது. ஊர்ச் சங்கங்களும் இளைஞரும் படையினரும் சேர்ந்து இழுத்துக் கரையில் குவிக்கிறார்கள். அடுத்த மாரிக்கு அது திரும்பி வருகிறது. வயலில் போட்ட உரமும் ஊர்க் கழிவும் வாவிக்குள் இறங்கும் வரை திரும்பிக்கொண்டேதான் இருக்கும். கரையில் இழுத்துப் போடுகிற கைகளைக் குறை சொல்ல எதுவுமில்லை. அவர்களுக்கு மேலே, உரத்தையும் கழிவையும் தீர்மானிக்கிற மேசைகளில் இருப்பவர்கள்தான் இன்னும் சேற்றில் இறங்கவில்லை.

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வேறுபாடு கரைக்கு வருகிறவர் யார் என்பதில் இருக்கிறது. அன்று வாவிக்கரைக்கு வந்தவர் தினமும் வந்தவர். அவருக்குக் கரை தொழிலிடம், எந்த மரம் பட்டது, எந்த மடு தூர்ந்தது என்பது பார்க்காமலே தெரியும். இன்று நடவும் பொறுக்கவும் வருகிறவர் ஒரு நாள் வருகிறார், நல்ல மனதோடு வருகிறார், அடுத்த ஆண்டு அதே நாளில் வேறோர் இடத்துக்குப் போகிறார். தினமும் வருகிற மீனவர் அந்த விழாவுக்குப் பெரும்பாலும் அழைக்கப்படுவதில்லை, அழைக்கப்பட்டாலும் பின்வரிசைக் கதிரை. இந்த இரண்டு பேரையும் சேர்த்துவைக்காத எந்தத் திட்டமும் இங்கே நிலைக்காது. ஆரையம்பதியும் காத்தான்குடியும் ஒரே நீரைப் பார்த்து நிற்கின்றன. தமிழ் மீனவரும் முஸ்லிம் மீனவரும் ஒரே வாவியில்தான் வலை போடுகிறார்கள். 1990இல் இரண்டு சமூகத்தவர் மீதும் நடந்த படுகொலைகளின் காயங்களுக்குப் பிறகு இரண்டு ஊராரும் சேர்ந்து செய்யத் தயங்கிய வேலைகள் பல. வாவியைத் துப்புரவாக்குவது அப்படித் தயங்கத் தேவையில்லாத வேலை, சேர்ந்து செய்த இடங்களில் நன்றாகவே நடந்திருக்கிறது.

2022இல் எரிவாயுத் தட்டுப்பாடு வந்தபோது மாவட்டமெங்கும் மீண்டும் விறகடுப்பு எரிந்தது. வறுமை இறுகும்போது கண்டலின் விதி மீண்டும் அடுப்படியில் எழுதப்படும் என்பதற்கு அது எச்சரிக்கை. கண்டலைக் காக்கும் வேலை அதனால் கரையோரக் குடும்பத்தின் வருமானத்தோடு பிரிக்க முடியாதபடி ஒட்டியிருக்கிறது. நண்டும் இறாலும் கிடைத்தால் அந்தக் குடும்பம் வேரை வெட்டாது, வேர் இருந்தால்தான் நண்டும் இறாலும்.

ஆசிரியர்களிடமும் கழகப் பொறுப்பாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஜூலை 26க்குப் புதிய இடம் தேடாதீர்கள். சென்ற முறை பிள்ளைகள் நட்ட இடத்துக்கே அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தக் கரையில் தொழில் செய்கிற மீனவர் ஒருவரையும், அங்கே மாடு மேய்க்கிறவர் ஒருவரையும் கூட அழையுங்கள். எத்தனை கன்று நின்றது, எத்தனை போனது, எதனால் போனது என்று எண்ணிப் பாடசாலைச் சுவரில் எழுதி வையுங்கள். பூச்சியம் என்றால் பூச்சியம் என்றே எழுதுங்கள். தை மாதத்தில் வெள்ளம் வடிந்ததும் இன்னொரு முறை போய் எண்ணுங்கள். அதற்குப் பிறகு எங்கே, எந்த இனத்தை, எப்போது நடுவது, அல்லது நடாமல் வேலி மட்டும் அடைப்பதா என்பதை அந்தச் சுவரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.